துளையில்லாத சட்டி

அன்பு மகள் ஜிங்ஷூவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஹாம்பர்க் குளிருக்குக் கழுத்தைச் சுற்றி எதையாவது கட்டிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். எட்டு வருஷமாக எழுதி வந்த வரி. இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். பயந்துபோய்க் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, வரிசையாகப் படி.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "சாப்டீங்களாப்பா" என்பாய், நான் "ஆச்சு, நீ?" என்பேன், நீ "உடம்பு எப்படி இருக்கு" என்பாய், நான் "ஒண்ணுமில்ல" என்பேன். அது பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிடும். அதோடு போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவன் யார், உன் தம்பி யோங்ஃபூ. என் தம்பி மகன் என்றாலும் இப்போது இந்த வீட்டில் அவன்தான் பிள்ளை மாதிரி, கஞ்சி கொண்டுவருகிறான், மருந்து வாங்கிவருகிறான், அவன் காதுபட இதையெல்லாம் சொல்ல முடியாது. ஏன் என்று போகப்போகத் தெரியும். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா நாளை டவுனுக்குப் போகிறாள், அவளிடம் கொடுத்து அவசரத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தை அவளும் பூசுகிறாள், கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரியும் பூசுகிறாள். கோதுமை இந்த வருஷம் பரவாயில்லை. முற்றத்து இலந்தை மரம் கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறது, இன்னும் பச்சை. கல்யாணப் பேச்சை இந்தத் தடவை எடுக்க மாட்டேன், நிம்மதியாகப் படி. இனி என் சேதி. வயலில் கோதுமை அறுப்பு நடக்கும்போது மேல்வயிற்றில் வலி வந்தது, சூடு என்று நினைத்து மோர் மாதிரி பச்சைப்பயற்றுக் கஞ்சி குடித்துக்கொண்டே இருந்தேன். இடுப்புப் பட்டையில் புதுசாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தபோதுதான் யோங்ஃபூ என்னை டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இருபத்தெட்டு வருஷம் டவுன் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தவன் நான், ஜிங்ஷூ. டாக்டர் பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டால் அடுத்த காட்சி என்ன என்று எனக்குத் தெரியாதா? வெளியே வந்தவன் "வெறும் புண்ணுதான் பெரியப்பா" என்றான், நான் கேட்காமலே மாட்டிறைச்சி நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தான். அவன் வாழ்நாளில் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் நூடுல்ஸ். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் நான் மட்டும் பஸ் பிடித்துப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். "இலந்தை பழுக்கும்போது நான் இருப்பேனா டாக்டர், மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் பேனாவைத் திருகித் திருகி மூடினார், அப்புறம் "பெரியவரே, உங்க பொண்ணு எங்க இருக்காங்க?" என்றார். கேட்டதற்கு அதுதான் பதில். கணையத்தில் புற்று என்று சொன்னார், வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல், "அந்தச் சிவப்பு உறைய வாங்காம வந்தீங்களே, அதுதான், அன்னிக்கே சொன்னேன்" என்றாள். அவளுக்கு அதுதான் காரணம். உனக்கு அந்தக் கதை தெரியாது, அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

சித்திரை வெயில் தொடங்கும் நேரத்தில் நம் ஊருக்கு ஒரு படக்கூட்டம் வந்தது. கன்பூசியஸ் பிறந்த மாநிலம் என்றால் பெற்றவர்களை மதிக்கும் படம் எடுக்க இங்கேதான் வருவார்கள்போலிருக்கிறது. கதை நீயும் நானும் நூறு தடவை பார்த்ததுதான், நகரத்துக்கு வேலைக்குப் போன மகன், கிராமத்தில் காத்திருக்கும் அப்பா, மகன் வந்து சேரும்போது அப்பா சவப்பெட்டியில். டைரக்டர் லுவோ என்று ஒரு கண்ணாடிக்காரர், நல்ல மனுஷர், எல்லாரையும் மாமா, அத்தை என்றுதான் கூப்பிட்டார். நம் வீட்டின் பழைய ஓடும் மரக்கதவும் அவருக்குப் பிடித்துப்போய் இங்கேயே படப்பிடிப்பு வைத்தார். பிணமாக நடிக்க நகரத்திலிருந்து ஒரு வயசான நடிகரைக் கூட்டிவந்திருந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் அவர் பெண்டாட்டிக்குப் போன் போட்டார், அவள் என்ன சொன்னாளோ, "எனக்கு முதுகுவலி" என்று மத்தியான ரயிலில் கிளம்பிவிட்டார். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "படுக்கிற வேலைதானே, நான் படுக்கறேன்" என்றேன். ஊரே சிரித்தது. எத்தனையோ படங்களை வாசலில் நின்றே பார்த்தவனுக்கு ஒரு தடவையாவது உள்ளே போக ஆசை, அவ்வளவுதான்.

அத்தோடு விட்டேனா? பெட்டிக்கு முன்னால் வைக்கிற பெயர்ப்பலகையில் செத்தவர் பெயரை எழுத வேண்டும், ஊரில் கல்யாணத்துக்கும் புதுவருஷத்துக்கும் கதவில் ஒட்டுகிற தாளெல்லாம் நான்தானே எழுதுகிறேன், என்னிடமே தூரிகையைக் கொடுத்தார்கள். "என்ன பேரு எழுதணும்?" என்று கேட்டேன். "எதுவா இருந்தா என்ன மாமா, கேமராவுல மங்கலாத்தான் தெரியும்" என்றார்கள். நானும் வேடிக்கையாக என் பெயரையே, ரென் ஷோதியான் என்று கொட்டை எழுத்தில் அழகாக எழுதிவைத்தேன். அம்மா பார்த்துவிட்டு என் கையில் ஒரு அடி போட்டாள். "வெக்கமா இல்ல, இந்த வயசுல விளையாட்டு?" என்றாள். அந்த அடி இன்னும் இரண்டு சேர்த்துப் போட்டிருக்கலாம்.

பெட்டிக்குள் சாயவாடை, கண்ணை மூடிக்கொண்டு, கேமரா பக்கத்தில் வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். மகனாக நடித்த பையன் வாசலிலிருந்து முழங்காலாலேயே நகர்ந்து வந்து, தலை தரையில் முட்ட விழுந்து, "அப்பா, நான் லேட்டா வந்துட்டேன்" என்று அழ வேண்டும். டைரக்டருக்குத் திருப்தியாகவில்லை, பதினொரு டேக். பதினொரு தடவை ஒருத்தன் என் தலைமாட்டில் விழுந்து "அப்பா, நான் லேட்டா வந்துட்டேன்" என்று கதறினான். யாரோ பெற்ற பிள்ளை, சம்பளத்துக்கு அழுகிறவன், எனக்குத் தெரியும். ஆனாலும் நாலாவது தடவையிலிருந்து அந்தக் குரல் எனக்கு உன் குரலாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. பதில் சொல்ல வாய் துடிக்கிறது, சொன்னால் டேக் வீணாகிவிடும், பிணம் பேசக் கூடாது. கண்ணோரம் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது, நல்லவேளை அது கேமராவில் விழவில்லை.

மறுநாள் வாசல் காட்சி. பெட்டியைத் தூக்கும் முன் மகன் மண்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிச் செங்கல்லில் போட்டு உடைக்க வேண்டும், ஒரே அடியில் உடைய வேண்டும். பெட்டி கனமாக இருந்தால்தான் தூக்குகிறவர்கள் தோள் சரியாக இறங்கும் என்று டைரக்டர் என்னை உள்ளேயே இருக்கச் சொன்னார். அந்த நகரத்துப் பையன் சட்டியைப் போட்டான், அது உடையாமல் உருண்டு ஓடியது. ஊர் முழுக்க "ஐயோ" என்றது பெட்டிக்குள் கேட்டது. இன்னும் இரண்டு தடவை போட்டும் அதே கதை. கைகளை மட்டும் காட்டினால் போதும், ஊர்க்காரர் யாராவது போடுங்கள் என்றார்கள். யோங்ஃபூ முன்னால் வந்தான், துக்கத்துக்குப் பிள்ளை போடுகிற சணல் உடுப்பை மாட்டிக்கொண்டான், ஒரே போடு, சுக்குநூறு. ஒரு நிமிஷம் கைதட்டல், அதற்கப்புறம் நிஜமாகவே அழுகை. உன் சின்னத் தாத்தா, எண்பத்தாறு வயசு, என் அப்பாவை வழியனுப்பினவர், அவரும் மூக்கைச் சிந்தினாராம். பிணமாக நடிப்பவனுக்குத் தோஷம் போகச் சிவப்பு உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுப்பது படக்காரர்கள் வழக்கம். நான் பெட்டியிலிருந்து எழுந்து நேராகக் கொல்லைக்குப் போய்விட்டேன், உறையைக் கேட்டு வாங்கவில்லை, அவர்களும் லாரியில் சாமான் ஏற்றுகிற அவசரத்தில் மறந்துவிட்டார்கள். அம்மா சொல்லும் காரணம் இதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் நோய்ச் சேதி ஊரில் பரவியதும் சட்டியை யார் உடைப்பது என்ற பேச்சு வந்தது. நம் பக்கத்தில் சட்டி உடைத்தவன்தான் பிள்ளை, பிள்ளைக்குத்தான் வீடு, அது உனக்குத் தெரியாததில்லை. நான் சின்னத் தாத்தாவிடம் போய், "சித்தப்பா, என் சட்டிய என் பொண்ணு உடைக்கட்டும்" என்றேன். அவர் வாயிலிருந்த புகைக்குழாயை எடுக்காமலே, "டேய் ஷோதியான், உன் சட்டிதான் உடைஞ்சாச்சேடா. பலகையில உன் பேரு, சணல் உடுத்தி உன் தம்பி மவன், ஊரே சாட்சி. ஒருத்தனுக்கு எத்தனை தரம்டா உடைப்பாங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அது சினிமா சித்தப்பா என்றேன். "சினிமாவுக்கு எதுக்குடா உன் பேர எழுதின?" என்று கேட்டார். யோங்ஃபூ குனிந்த தலையோடு, "பெரியப்பா, நானா கேக்கல, பெரியவங்க சொல்றாங்க. பெரியம்மாவ நான் விட்டுருவேனா, பின்னாடி ஒரு ரூம் போட்டுத் தர்றேன்" என்றான். பின்னாடி என்றால் இப்போது கோழி அடைக்கிற இடம். முந்தாநாள் டேப்பை வைத்து முற்றத்தை அளந்துகொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கஞ்சி ஆறிவிட்டதா என்று கேட்டான். கெட்டவன் இல்லை அவன், முறை தன் பக்கம் இருக்கிறது என்று மனசார நம்புகிறான், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டப்படி வீடு அம்மாவுக்கும் உனக்கும்தான், டவுன் வக்கீல் அடித்துச் சொல்கிறார். ஆனால் வக்கீல் வந்து சேரும் முன் செங்கல் லாரி வந்துவிடும். அம்மா ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், பின்னாடி அறையில் ஜாடி வைக்க இடமிருக்காது என்று இப்போதே கணக்குப் போட்டுவிட்டாள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றுவலியைவிட அதிகமாக வலிக்கிறது.

உன்னைப் பற்றியும், அங்கே முதியோர் இல்லத்தில் நீ பார்க்கிற வேலையைப் பற்றியும் பேசினார்கள். "பிறத்தியான் அப்பனக் குளிப்பாட்டப் போனவ, சொந்த அப்பனுக்குச் சட்டி உடைக்க வருவாளா?" என்றாள் யோங்ஃபூவின் பெண்டாட்டி. நான் சொன்னேன், "எவனோ ஒரு கிழவன் சுத்தமாப் படுத்திருக்கான்ல, அதுல உனக்கு என்ன நட்டம்?" என்று. சொல்லிவிட்டேனே தவிர, எட்டு வருஷத்துக்கு முன் நீ கிளம்பிய காலையில் இதே வார்த்தையை நானும் மனசுக்குள் சொன்னவன்தான்.

உனக்கு ஏழு வயசு இருக்கும், கொட்டகையில் என் முக்காலியில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தாய், அதில் மகன் வீட்டை விட்டுப் போகிறான், அப்பா திரும்பிப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நிற்கிறார். "அந்த அப்பா ஏன் பேச மாட்டேங்கறாரு?" என்று கேட்டாய். "அவர் முதுகால பேசறாரும்மா" என்றேன். என்ன ஒரு பெருமையான பதில்! நம் படங்களில் அப்பன்மார் எல்லாரும் அப்படித்தான், நேசிப்பார்கள், சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் தாமதமாக வருவார்கள், மழையில் மண்டியிடுவார்கள். கீழ்ப்படிவதும் அடக்குவதும் காத்திருப்பதும்தான் அன்பு என்று டிக்கெட் கிழித்துக் கிழித்து நானே நம்பிவிட்டேன். அத்தனை படத்தில் ஒரு மகள் சட்டி உடைத்து நான் பார்த்ததில்லை, இல்லாதது எனக்கு உறைக்கவும் இல்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு "போய்ட்டு வரேம்பா" என்றபோது நான் சுவரைப் பார்த்து நின்றேன், என் முதுகு உன்னிடம் எல்லாம் சொல்லிவிடும் என்று நினைத்தேன். அது ஒரு மண்ணும் சொல்லவில்லை. நீ கேட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாய், எனக்குத் தெரியும், செருப்புச் சத்தம் நின்றுபோனது. நான் திரும்பவில்லை. அதற்கு என்னை மன்னித்துவிடு.

சட்டி விஷயம் எப்படித் திரும்பியது என்று கேள். போன வெள்ளிக்கிழமை கொல்லையில் உட்கார்ந்திருந்தேன், கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. எதில் குடிக்கின்றன என்று பார்த்தால் படக்காரர்கள் விட்டுப்போன மிச்சச் சட்டி, ஒரே அச்சில் வார்த்த சட்டிகளில் ஒன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் நிற்கிறது! நம் ஊர்ச் சட்டியில் எங்கேயாவது தண்ணீர் நிற்குமா? பிள்ளைக்கு ஒன்று என்று அடியில் துளை போடாமல் சட்டியை வைப்பார்களா? உயிரோடு இருக்கையில் அழுக்காக்கிய தண்ணீரையெல்லாம் செத்தவன் அங்கே போய்க் குடித்தாக வேண்டும், துளை வழியாக ஒழுகினால்தான் தப்பிப்பான், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நகரத்து ஆட்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கோழியை விரட்டிவிட்டு, தளும்பத் தளும்ப அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சின்னத் தாத்தா வீட்டுக்கு நடந்தேன், வழியில் மூன்று தடவை உட்கார வேண்டியிருந்தது. அவர் முன்னால் வைத்து, "சித்தப்பா, யோங்ஃபூ உடைச்சது இதோட கூடப்பொறந்தது. தண்ணி நிக்குது பாருங்க. துளையில்லாத சட்டிய உடைச்சு என்னை அத்தனையும் குடிக்க வைக்கப் போறீங்களா?" என்றேன். கிழவர் விரலை விட்டு அடியைத் தடவித் தடவிப் பார்த்தார். "நான் துளையப் பாக்கலையேடா" என்றார். அங்கே நின்றிருந்த யோங்ஃபூவின் முகம் விழுந்துவிட்டது.

ஆனால் முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை அவர். "பொம்பளக் கை இந்த ஊர்ல சட்டி உடைச்சதில்ல. ஆனா பெத்த பொண்ணு பேர்ல துளை இருந்தா நான் எப்படி மறுப்பேன்? அவ வந்து நின்னா உடைக்கட்டும். பெட்டி கிளம்பற நேரத்துக்கு வரலேன்னா யோங்ஃபூ போடுவான், புதுச் சட்டியில, துளையோட. அப்புறம் யாரும் பேசக் கூடாது" என்றார். அதுதான் தீர்ப்பு. இங்கே மூன்று நாளுக்கு மேல் வைக்க மாட்டார்கள், வெயில் காலமென்றால் இரண்டுதான். அந்த ஊரிலிருந்து நீ டிக்கெட் வாங்கி, இரண்டு விமானம் மாறி, ரயிலேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் செத்த பிறகு சேதி அனுப்பி உன்னை வரவழைக்கிற சினிமா வேலை நமக்கு வேண்டாம். படத்து அப்பன்மார் யாரும் கேட்க மாட்டார்கள், நான் கேட்கிறேன். வா, ஜிங்ஷூ. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே லீவு கேள், கொடுக்காவிட்டாலும் வா. இலந்தை சிவக்கும் முன் வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு இந்த வீடு வேண்டும்.

சந்தையில் நல்ல சட்டி ஒன்று வாங்கிவிட்டேன். அடியில் ஆணியால் நானே ஒரு துளை போட்டேன், எனக்கு ஒரு பிள்ளைதானே. பக்கத்தில் உன் பெயரைத் தூரிகையால் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை விளையாட்டுக்கில்லை. மாவு ஜாடிக்குப் பின்னால் துணி சுற்றி இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியும். அந்த ஒரு ஜாடியை மட்டும் யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். உடைக்கும்போது இரண்டு கையாலும் பிடி, வாய்ப்பக்கம் கீழே இருக்கட்டும், தயங்கிப் போட்டால்தான் உருளும், அந்தப் பையன் தயங்கினான். கையில் சில்லு பட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

நீ நோயில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், உன் கையால் குளிக்கிற அந்த ஊர்க் கிழவர்களின் வாழ்த்தெல்லாம் உன் தலையில் இறங்கட்டும். கம்பளிச் சட்டையை எடுத்துவர மறந்துவிடாதே, திரும்பிப் போகும்போது அங்கே குளிர் தொடங்கியிருக்கும்.

இன்னும் ஒன்று. ஒருவேளை நீ வந்து சேர்வதற்குள் என் கதை முடிந்துவிட்டால், வாசலிலிருந்து முழங்காலால் நகர்ந்து வராதே, அந்தக் காட்சி ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அப்படியும் மனசு கேட்காமல் என் தலைமாட்டில் விழுந்து "அப்பா, நான் லேட்டா வந்துட்டேன்" என்று நீ சொன்னால், என்னால் அப்போது பதில் சொல்ல முடியாது, பதினொரு தடவை சொல்ல முடியாமல் கிடந்து பார்த்தவன் நான். அதனால் பதிலை இப்போதே எழுதிவைக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்: "பரவால்லம்மா. எழுந்திரு, தரை சில்லுன்னு இருக்கு."

இப்படிக்கு,
உன் பக்கமாகத் திரும்பி நிற்கும் அப்பா,
ரென் ஷோதியான்